அரிவாள் நாட்டில் துப்பாக்கிச் சட்டம்

2016 டிசம்பர் முடிவில் இந்தியா முழுக்க 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்ததாக மத்திய உள்துறைக் கணக்கு சொன்னது. அதில் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டுக்கு 22,532. 2011 மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 640 உரிமம், இங்கே 31. இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள், அதே ஏ-1 படிவம், அதே போலீஸ் விசாரணை. கான்பூர் கலெக்டர் புரட்டுகிற அதே பிரிவுகளைத்தான் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளத்திலும் புரட்டுகிறார்கள். அப்படியிருந்தும் இருபது மடங்கு வித்தியாசம்.

நம்ம ஆட்கள் சாது, அதனால்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டத்துக் கொலை வழக்குகளையும் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே பகைக்குக் குறைவில்லை. துப்பாக்கி மேல் மட்டும் ஆசை வளரவில்லை. ஏன் வளரவில்லை, அந்த இடத்தில் வேறு எது உட்கார்ந்திருக்கிறது, அதைச் சட்டம் கண்கொண்டு பார்க்கிறதா என்பதுதான் இந்தப் பதிவு. பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் கேட்டு அலைகிற விவசாயிகளுக்கும், தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழலைப் பரணில் வைத்துக்கொண்டு முழிக்கிற வீடுகளுக்கும் வேண்டிய நடைமுறை விவரங்களையும் கூடவே எழுதியிருக்கிறேன்.

நெல்லைச் சீமையில் ஆயுதம் ஊரெல்லாம் புழங்கிய காலம் உண்டு. பாளையக்காரர் நாளில் திசைக்காவலும் தலக்காவலும் (வட்டாரக் காவலும் ஊர்க்காவலும்) பார்த்தவர்களிடம் ஈட்டி, வாள், வளரி எல்லாம் இருந்தன. திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கியும் இருந்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி மண்ணால் எழுப்பினார். மார்ச் 31ஆம் தேதி மோதிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. சுவருக்குப் பின்னால் நின்று தடுத்தவர்களின் கையில் பெரும்பாலும் நீண்ட ஈட்டிகள். மே 24இல் கோட்டை விழுந்தது. டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், அரசு அனுமதித்தவை போக மற்ற எல்லாத் தாக்கும் ஆயுதங்களையும் தென்பகுதி மக்கள் கையிலிருந்து விலக்கியது. நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878இல் வந்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இங்கே ஆயுதத்தைப் பிடுங்கியாயிற்று.

அதன்பிறகு துப்பாக்கி சர்க்கார் சாமான் ஆகிவிட்டது. போலீஸ்காரர், வெள்ளைக்காரத் துரை, வேட்டைக்குப் போகிற ஜமீன்தார் ஆகியோர்தான் அதை வைத்திருந்தார்கள். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் தேடி அலைந்த நரிக்குறவர்கள் இன்னொரு பக்கம். 1972 வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பும் சுருங்கிப்போனது. ஊரில் நிலம் உழுகிறவன், பனையேறுகிறவன், கடை வைத்திருக்கிறவன் வீட்டில் அது நுழையவே இல்லை. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பயிற்சி கிடைத்தது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். ஆயுதமும் வெளியூர், பழகிய இடமும் வெளியூர். வாஞ்சியை இன்றைக்கும் கொண்டாடுகிறோம், ஸ்டேஷனுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறோம். அந்தத் துப்பாக்கியைப் பார்த்து அது போல ஒன்று வீட்டில் வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதில்லை. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்றுதான் மனசில் பதிந்திருக்கிறது.

கௌரவம் போய் ஒட்டிக்கொண்டது அரிவாளில்.

சுடலைமாடன் கையில் வல்லயம் என்கிற ஈட்டியும் வெட்டரிவாளும். கருப்பசாமி கையில் ஆளுயர வீச்சரிவாள். கோயில் கொடை நாளில் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, கையில் எடுத்து ஆடுவதும் அவைதான். நேர்ச்சைக்கு அரிவாள் அடித்துக் கோயிலில் சாத்துகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வரிசையில் மண்வெட்டியும் அரிவாளும் இருக்கும். இதெல்லாம் சாமி காரியம். வேலைக் காரியம் இன்னும் பெரிசு. பனையேறிக்குப் பாளை அரிவாள், அறுப்புக்குக் கதிர் அரிவாள், வாழைத்தார் இறக்கவும் தேங்காய் வெட்டவும் வெட்டரிவாள், சீமைக்கருவேலம் அரிக்கக் கனத்த அரிவாள், அடுப்படியில் அரிவாள்மணை. ஒரு வீட்டில் மூன்று நான்கு கிடக்கும். குழந்தை பிறந்ததிலிருந்து பார்க்கிற பொருள். அதைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்த பொருளை ஆயுதக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகிறது. ஆயுத விதிகளின் அட்டவணையில் வாள், ஈட்டி, கட்டாரி வருகின்றன; 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ அலகு உள்ள கூர்மையான ஆயுதங்களும் வருகின்றன. ஆனால் அங்கேயும் விவசாயத்துக்கானவை நீங்கலாக என்று எழுதியிருக்கிறது. அலகு எத்தனை அங்குலம் இருந்தாலும், ‘வாழை வெட்ட வச்சிருக்கேன்’ என்று சொல்ல வழி இருக்கிறது. போதாததற்கு, கூர்மையான ஆயுதங்களுக்கு உரிமம் கட்டாயம் ஆக வேண்டுமென்றால் 4ஆம் பிரிவின்படி மத்திய அரசு அந்தப் பகுதியைக் குறிப்பிட்டு அறிவிக்கை போட வேண்டும்.

துப்பாக்கியைக் கண்காணிக்க முடிவதற்குக் காரணம் மூன்று. ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது. விற்கிறவனுக்கு உரிமம் வேண்டும். தோட்டாவைத் தனியாக வாங்க வேண்டும், அதற்கும் கணக்கு உண்டு. அரிவாளுக்கு இந்த மூன்றும் கிடையாது. லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டும் ஒரு கொல்லுப்பட்டறையும் இருந்தால் அரை நாளில் ஆகிவிடும். 2021இல் காவல்துறை, பட்டறைகளில் அரிவாள் வாங்குகிறவர் பெயரும் முகவரியும் என்ன தேவைக்கு என்பதும் எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று சொன்னது. நல்ல யோசனைதான். எங்கே ஓட்டை விழும் என்று யோசித்துப் பார்த்தால் புரியும். நோட்டில் எழுதுகிற பெயரை எந்த அடையாள அட்டையோடும் ஒப்பிடாவிட்டால் அந்தப் பெயரால் பிரயோஜனம் இல்லை. அலகில் எண் இல்லாததால், சம்பவ இடத்தில் எடுத்த அரிவாள் எந்தப் பட்டறையுடையது என்று நோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊர் ஆசாரி மறுத்தால் அடுத்த மாவட்டத்துப் பட்டறைக்குப் போவான்.

என் யோசனை இது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை கொடுத்து, அலகில் பிடிக்குப் பக்கத்தில் அடிக்கச் சொல்லலாம். ஆசாரிக்கு இரண்டு தட்டு வேலை. வயல் வேலைக்கு ஒரு முழத்துக்கு மேல் அலகு தேவையில்லை. அதற்கு மேல் நீளம் கேட்டால் கோயில் நேர்ச்சைக்கு மட்டும், ஊர் நிர்வாகி கையெழுத்தோடு என்று வைக்கலாம். நேர்ச்சை அரிவாளை விளிம்பு தீட்டாமல் மழுங்கலாகவே கொடுக்கலாம். சாமிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. விவசாயிக்கு இதில் எந்த இடைஞ்சலும் வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். கையில் அரிவாள். அதற்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது; சாதிக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2024 டிசம்பர் 20ஆம் தேதி பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு நீதிமன்றங்களில் துப்பாக்கி ஏந்திய காவலர்களை நிறுத்தினார்கள். அரிவாளைத் தடுக்க முடியாமல் அரசு துப்பாக்கியைக் கூட்டுகிறது. பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டிப் படம் போடுகிற பையன்மேல் வழக்குப் போடுவது தேவைதான். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ‘மாஸ் தம்பி’ என்று எழுதுகிற சொந்தக்கார அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் இருக்கிற வரை வழக்கு ஒரு பதக்கம்போல ஆகிவிடுகிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் ‘இத எடுலே’ என்று சொன்னால் அதற்கு இருக்கிற மதிப்பு வேறு.

ஊர்க் கட்டுப்பாடு சட்டத்தை விட வலுவாக நிற்கும் என்பதற்கு நாங்குநேரி தாலுகாவிலேயே சாட்சி இருக்கிறது. கூந்தன்குளத்துக்காரர்கள் வலசை வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். மரத்துப் பறவையை வீட்டுப் பிள்ளையாகப் பார்க்கிற வழக்கம் அதற்கு வெகு முந்தியது. ஒரு பொருளைக் கௌரவம் என்று வைப்பதும் அசிங்கம் என்று வைப்பதும் ஊர்தான் முடிவு செய்கிறது.

வடக்கே போனால் அந்தக் கௌரவம் துப்பாக்கியில் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது அங்கே பல ஊர்களில் மரியாதை. மேலே போன குண்டு எங்காவது கீழே வந்துதான் ஆக வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர்மேலும், மாடியில் நின்று பார்க்கிற பெண்கள்மேலும் பட்டுச் செத்தவர்கள் உண்டு. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் இதைத் தனிக் குற்றமாக்கி, 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். நம்ம பக்கத்தில் அதே மரியாதையைச் சரவெடியும் அதிர்வேட்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. சத்தம் வேண்டுமென்றால் துப்பாக்கி தேவைப்படவில்லை.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே போனால் குடகு. அங்கத்துப் பூர்வகுடிகளான கொடவர்களுக்கும், ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்தது. சுதந்திர இந்தியாவும் ஆயுதச் சட்டம் 41ஆம் பிரிவின் கீழ் தொடர்ந்தது. அதை எதிர்த்த வழக்கை 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விலக்கு 2029 வரை இருக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு என்றால் இரண்டு வெடி என்று ஊருக்குச் சேதி சொல்வது அங்கே வழக்கம். செப்டம்பர் தொடக்கத்தில் வருகிற கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூவும் சந்தனமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். நாம் அரிவாளுக்கு வைப்பது அங்கே துப்பாக்கிக்கு. குடகையும் பாஞ்சாலங்குறிச்சியையும் வெள்ளைக்காரன் நடத்திய விதம் வேறு; நம்பி விட்டுவைத்த இடத்தில் துப்பாக்கி குடும்பப் பொருள் ஆயிற்று, பிடுங்கிய இடத்தில் அந்நியப் பொருள் ஆயிற்று.

உலக அளவிலும் இதே கதைதான். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்கிற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நூறு பேருக்கு அமெரிக்காவில் 120.5 துப்பாக்கி, சுவிட்சர்லாந்தில் 27.6, இந்தியாவில் 5.3, ஜப்பானில் 0.3. அமெரிக்காவில் 1791ஆம் வருஷத்து இரண்டாவது சட்டத்திருத்தம் இருக்கிறது. 2008இல் உச்சநீதிமன்றம் அது தனிமனிதனுக்கான உரிமை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே கட்டுப்பாடு பேசுகிறவர் ஒரு உரிமையைக் குறைக்க வந்தவராகத் தெரிகிறார். சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி ராணுவக் கடமையோடு வீட்டுக்கு வருவது. 2007இல் வீட்டில் வைத்திருந்த ராணுவத் தோட்டாவைத் திரும்ப வாங்குவதென்று முடிவு செய்தபோது நாடு கொந்தளிக்கவில்லை. ஜப்பானில் வேட்டைத் துப்பாக்கி வேண்டுமானாலே வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத் தேர்வு, மருத்துவச் சான்று, வீட்டுப் பெட்டகத்தைப் போலீஸ் வந்து பார்ப்பது என்று நீள்கிறது. ரைபிளுக்குப் பத்து வருஷம் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த அனுபவம் வேண்டும். இதைக் கொடுமை என்று அங்கே பெரிதாக யாரும் சொல்வதில்லை. அமெரிக்கச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தாலும், ஜப்பான் சட்டத்தை அங்கே கொண்டுபோனாலும் நிற்காது.

இனி பன்றிக்கு வருவோம். கடையம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு, திருக்குறுங்குடி, வடகரை, புளியங்குடி என்று மலையடிவாரம் முழுக்க ஒரே கேள்வி: ‘அண்ணாச்சி, ராத்திரிக்கு ராத்திரி பன்னி வந்து வாழைய உழுதுட்டுப் போவுது, ஒரு துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க முடியாதா?’ இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது துப்பாக்கி மோகம் இல்லை, நஷ்டம். அதைப் புரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டப்படி வழி உண்டு. ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகத் தேவை இருந்தால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கிக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. நாட்டுத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். சொத்து போதுமான அளவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு ஏக்கர்காரருக்கு இது முக்கியம்.

ஆனால் இடைஞ்சல் வேறு சட்டத்தில் இருக்கிறது. வனவுயிர்ச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுக்க வேண்டுமென்றால் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். களக்காடு, முண்டந்துறை, நெல்லை வனவுயிர்ச் சரணாலயம், வல்லநாடு வெளிமான் சரணாலயம், கூந்தன்குளம் என்று சுற்றிப் பத்துப் பத்துக் கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். பன்றி தொல்லை கொடுக்கிற ஊர்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே விழும். மனு கலெக்டர் அலுவலகத்தில் ஏன் மாதக்கணக்கில் கிடக்கிறது என்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட அது போதாது. வனவுயிர்ச் சட்டம் 11ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் பெற்ற வன அதிகாரியின் எழுத்து உத்தரவு வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு செய்தது தவிர மற்றதெல்லாம் வழக்கு. சுட்ட பன்றியும் அரசுக்குச் சொந்தம். கறி பங்கு போட்டால் அது தனி வழக்கு.

மலைக்கு மேற்கே கேரளம் 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைச் சுட விட்டது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். விவசாயிகளுக்கு இதில் அதிருப்தி இருப்பது தெரியும். வனத்துறை ஆள் வந்து சேர்வதற்குள் தோட்டம் போய்விடுகிறது என்கிறார்கள், அது நியாயமான குறை. ஆனாலும் சுடுகிற வேலை பயிற்சி பெற்ற சீருடைக்காரர் கையில் இருப்பதே நெல்லைப் பக்கத்துக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். சாதிப்பகை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்களில் பன்றிக்காக நூறு துப்பாக்கி நுழைந்தால், அவை பன்றிக்கு மட்டும் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேட்க வேண்டியது வனத்துறைக்குக் கூடுதல் ஆட்களும், விரைவான இழப்பீடும்.

இதற்கிடையில் மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். பன்றியை விட ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதன்தான் அதில் சாகிறான். விட்டுவிட்டு அடிக்கும் சூரிய மின்வேலிக்கு 2023ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொள்ளலாம்.

உரிமம் கேட்பவர்கள் செய்ய வேண்டியது சுருக்கமாக. உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தள இணையதளத்தில் ஏ-1 படிவத்தை நிரப்பி, நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனரிடம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகளோடு, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி, போதைப் பழக்கம் இல்லை என்பதையும் குறிப்பிடும் மனநல உடல்நல மருத்துவச் சான்று, எதற்காக வேண்டும் என்ற விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அது வந்தபின் முடிவுக்கு 60 நாள் என்பது விதி. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. விளக்கக் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘எனக்கு எதிரிகள் உண்டு’ என்று எழுதுவது உதவாது. பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு வெளியே வந்து, பொது அமைதிக்குக் குந்தகம் என்று அதையே மறுப்புக்குக் காரணமாக்குவார்கள். பட்டா, அடங்கல், பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் கொடுத்த மனுக்களின் ரசீது இருந்தால் வையுங்கள்.

நம்ம மாவட்டங்களில் உரிமம் வைத்திருப்பவர்களில் வங்கிக் காவல் வேலை பார்க்கும் முன்னாள் ராணுவத்தார் முக்கியமானவர்கள். அவர்களுக்கு அது சோற்றுக்கான கருவி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். வங்கிக் காவலர் என்றால் வேலைச் சான்றோடு மாவட்டப் பரிசீலனைக் குழுவுக்கு உடனே விலக்கு மனு கொடுக்கலாம். ஒப்படைத்தால் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

தாத்தா துப்பாக்கிதான் பெரிய தலைவலி. பழைய பண்ணை வீடுகளில் அது சுவரில் மான்கொம்புக்குக் கீழே தொங்கும். தாத்தா இறந்த நாளிலிருந்து அவருடைய உரிமமும் முடிந்தது. கருமாதி முடியட்டும், சொத்துப் பிரியட்டும் என்று வைத்திருந்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் உரிமமில்லாத ஆயுதம் வைத்த குற்றத்துக்கு ஆளாவார்கள். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதமின்றிப் பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசுகளில் ஒருவர், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போது வாரிசை நியமிக்கலாம் என்கிறது ஆயுத விதிகளின் 25ஆம் விதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில்தான் வரும்.

வாரிசு உரிமம் வாங்கிவிட்டால் அடுத்த அபாயம் அந்தத் துப்பாக்கியே. குழலின் வெளியே அலையலையாக வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி ஒட்டவைத்தது. கருமருந்து காலத்துப் பொருள். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போட்டால் ஒட்டுவாய் விட்டுக் குழல் வெடிக்கும். போவது இடது கை விரல்கள். தோட்டா உட்காருகிற அறையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய 12 போர் அளவுத் துப்பாக்கிகள் பலவற்றில் இரண்டரை அங்குல அறை. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். வருஷக்கணக்கில் தொங்கிய குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பின்பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்காமல் சுட்டால் அதே கதி. தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக் குழலில் துருக்குழி விழ வைக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு ஆளிடம்.

சுட்டுப் பார்க்கிற எண்ணமே இல்லை, தாத்தா ஞாபகத்துக்குச் சுவரில் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு வழி உண்டு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட உதவாத நிலைக்கு வந்த துப்பாக்கியை 45ஆம் பிரிவு சட்டத்துக்கு வெளியே விடுகிறது. ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. குழலில் தெரு வெல்டரை வைத்து ஒரு சொட்டு ஈயம் ஊற்றிவிட்டு வைத்துக்கொள்வது செல்லாது. ஆட்சியருக்கு மனுக் கொடுத்து, ஆயுதத்தைப் பரிசோதிக்க வைத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், உரிமப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து, உரிமம் ரத்தான உத்தரவின் நகலை வாங்கி இறப்புச் சான்றிதழோடு வையுங்கள். பேரன் காலத்தில் யாராவது அந்த எண்ணைத் தேடி வந்தால் காட்டுவதற்கு அந்தத் தாள் இருக்கும்.